ஒன்பது இஞ்சு

முதலில் வந்த இன்ஜினியர் வினிஷ்
வெள்ளைக் கல் ஒன்றை ஒரு கையால் தூக்கிக் காட்டினார்,
பொரி உருண்டை மாதிரி.
வெயில் ஏறாது, வேலை சீக்கிரம் முடியும்,
ரயில் பக்கத்திலேயே போனாலும்
உள்ளே சத்தம் வரவே வராது என்றார்.
எங்களிடம் அல்ல,
கூட வந்த மச்சினன் ஆல்வினிடம்.
அவன் கைகளால் எங்களுக்குச் சொன்னான்.
கடைசி வரிக்கு வரும்போது விரல் தடுமாறிவிட்டது.
ஜெபக்கனி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.
பிறந்ததிலிருந்து வராத சத்தத்துக்குச்
சதுர அடிக்கு எவ்வளவு என்று கேள், என்றாள்.
அதை மட்டும் ஆல்வின் வாயால் சொல்லவில்லை.

அடுத்தவர் மேலப்பாளையம் செய்யது மைதீன்.
நல்ல மனிதர்.
பல் டாக்டரிடம் காட்டுவதுபோல
வாயை அகலத் திறந்து திறந்து பேசினார்.
வெளிச்சுவர் நாலரை இஞ்சு போதும்,
தூண் தாங்கும், சுவர் வெறும் திரைதானே.
மிச்சத்தில் மாடிப்படிக்கு கிரானைட் போடலாம்.
இரண்டு நாள் நானும் கிரானைட் பக்கம்தான் இருந்தேன்.

எங்கள் மனை பாளையங்கோட்டை ஸ்டேஷனைத் தாண்டி,
திருச்செந்தூர் தண்டவாளத்துக்குக் கல்லெறி தூரம்.
விலை படிந்ததே அதனால்தான்.
மேற்கே உடைமரக் காடு, வேறு மறைப்பில்லை.
மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் வெயில்
ஈட்டிக்காரன்போல வந்து நிற்கும்.
ஆனியில் கிளம்பும் காற்று
ஆவணி வரை மண்ணை அள்ளிக்கொண்டு வரும்.

மூன்றாவது, மாசானமுத்து.
மீசை மேலுதட்டை மூடியிருந்தது.
வெற்றிலை வேறு.
ஒரு சொல்கூட வெளியே தெரியவில்லை.
இந்த ஆள் வேண்டாம் என்று அவளுக்குக் கண் காட்டினேன்.
அது அவருக்கும் புரிந்துவிட்டது.
இரண்டு விரலால் மீசையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு
தொகையை மட்டும் மறுபடி சொன்னார்.
வினிஷைவிட ஒன்றே முக்கால் லட்சம் கூடுதல்.

அப்புறம் ஆல்வினை விட்டுவிட்டு
எங்களைப் பார்த்து, வாங்க என்று கையசைத்தார்.

அதே தண்டவாளத்தின் அந்தப் பக்கம்
அவர் கட்டி நாலு ஐப்பசி கண்ட வீடு.
வீட்டுக்காரம்மா எங்களை ஏறிட்டும் பார்க்கவில்லை.
அவரை ஜன்னலருகே இழுத்துப் போய்ச் சண்டை பிடித்தாள்.
மேல்மூலையில் ஒரு விரிசல், தலைமுடி கனம்.
அவர் மறைத்துக்கொண்டு நிற்கவில்லை,
ஸ்டூலில் ஏறி நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.
அந்த நேரத்தில்தான் ஜெபக்கனி
மேற்குச் சுவரில் உள்ளங்கையை வைத்தாள்.
என் கையையும் இழுத்து வைத்தாள்.
முதலில் வெயிலின் மிச்சம்.
பிறகு கல்லுக்குள் எறும்பு ஊர்வதுபோல ஒன்று,
அது வண்டாகி,
மணிக்கட்டு வழியாக முழங்கைக்கு ஏறி
இன்ஜின், பெட்டி, பெட்டி, பெட்டி.
எண்ணியே விடலாம் போலிருந்தது.
சண்டை பிடித்தவள் திரும்பக்கூட இல்லை.
காதுள்ளவர்களுக்கு ரயில் பழகிவிடும் போல.

அன்றிரவு லைட்டை அணைக்க விடாமல் கேட்டாள்:
வெள்ளைக் கல் எல்லாவற்றையும் விழுங்கிவிடும்.
அடுத்த ரூமிலிருந்து நான் சுவரைத் தட்டினால்
நீ எப்படித் திரும்புவாய்?
நான் வழுக்கி விழுந்தால்?
கிரானைட்டில், என்று சேர்த்துக்கொண்டாள்.

ஒன்பது இஞ்சு. சூளைச் செங்கல்.
கலவை ஒன்றுக்கு ஆறு.
மேற்கே மட்டும் இரண்டு பூச்சு.
படிக்குக் கடப்பாக்கல்.

இப்போது லிண்டல் மட்டம் வந்திருக்கிறது.
சாயங்காலம் தண்ணீர் அடிக்கப் போகும்போது
கையை வைத்துப் பார்க்கிறேன்.
ஈரச் சுவர் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.
காயட்டும் என்கிறாள் அவள்.
ரயில் லேட் என்கிறான் ஆல்வின்.
மாசானமுத்து மீசையைத் தூக்காமலே
மூன்றாம் தவணையைச்
செங்கல் மேல் பென்சிலால் எழுதிக் காட்டுகிறார்.
பூசினால் போய்விடும் கணக்கு.
ஜெபக்கனி அதைப் போனில் படம் எடுத்துக்கொண்டாள்,
பூஜ்யங்கள் தெளிவாகத் தெரியும்படி.